எனேரியா பிழிந்த நாரத்தங்காய்

சட்டையை மெஷினில் போடுவதற்கு முன் எனேரியா அதை ஒரு தடவை முகர்ந்து பார்ப்பாள். இருபத்தொரு சீசனாக இதுதான் அவள் வழக்கம். முகர்வது கழுத்துப் பட்டையை அல்ல, அக்குளையும் அல்ல. தோள்பட்டைத் தையலை. வலிக்குத் தேய்க்கிற தைலம் அந்த மடிப்பில்தான் போய் உட்கார்ந்துகொள்ளும். தனியாக எடுத்துச் சோப்பு தேய்க்காமல் மெஷினில் தள்ளிவிட்டால் அன்றைக்குத் துவைக்கிற அத்தனை சட்டையிலும் அந்த நெடி ஏறிவிடும்.

சான் பெட்ரோவின் பேஸ்பால் மைதானத்தில், ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத நீளமான அறை ஒன்று உண்டு. மூன்று மெஷின், ஒரு சிமெண்டுத் தொட்டி, துண்டு மடிக்க ஒரு மேசை. அவள் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா கரும்பாலையில் கை நசுங்கி வீட்டோடு கிடந்தபோது தம்பிகளுக்குச் சமைக்க ஆள் வேண்டியிருந்தது. பத்தொன்பது வயதில் இந்த அறைக்குள் வந்தாள். வந்தவள் அதிகம் பேசவில்லை. ஆட்டக்காரர்கள் அவளை ‘ஊமையக்கா’ என்று கூப்பிட்டார்கள். கேலியாகத் தொடங்கியது பிறகு பேராகவே ஆகிவிட்டது. அவளுக்கும் அது சௌகரியமாக இருந்தது. ஊமையிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

ஆனால் அவளுக்குத் தெரியாதது அங்கே குறைவு. மட்டை பிடிக்கிறவர்களுக்கு வலித்தால் ஊரையே கூட்டிவிடுவார்கள். பந்து வீசுகிறவர்கள் அப்படியல்ல. தோள் போய்விட்டது என்று தெரிந்தால் ஆள் எடுக்க வருகிற அமெரிக்காக்காரன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டான். அதனால் கால்நடை மருந்துக் கடையில் குதிரைக்குத் தேய்க்கிற கறுப்புத் தைலத்தை வாங்கி, கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு தாங்களாகவே தேய்த்துக்கொள்வார்கள். மைதானத்தின் மாலிஷ்காரர் சிரிலோவுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். நாளை மறுநாள் ஆட்டத்தில் வீச வேண்டியவர் இன்று பயிற்சிக்கு இருபது முப்பது பந்து வீசிப் பார்ப்பார். அந்தச் சட்டை அன்றே எனேரியாவிடம் வரும். யாருடைய கை எப்படி இருக்கிறது என்று இரண்டு நாள் முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பாதிரியாரிடம்கூட.

குதிரைத் தைலத்தின் நெடி கையில் ஏறினால் சோப்புக்குப் போகாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவள் மசித்து வைத்த வாழைக்காயைப் புருஷன் ராதாமேஸ் ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

“என்னடி கருப்பி, குதிரை லாயத்துல சமைச்சியா?”

அதிலிருந்து அந்தத் தைலம் கையில் பட்ட நாட்களில், வீட்டுக்கு வந்ததும் பின்கட்டுத் தண்ணீர்த் தொட்டியருகே நின்று ஒரு புளிப்பு நாரத்தங்காயை இரண்டாக வெட்டி, விரலிடுக்கெல்லாம் பிழிந்து தேய்த்த பிறகுதான் அடுப்பைத் தொடுவாள்.

ராதாமேஸ் ஃபிரிட்ஜ், மின்விசிறி பழுது பார்க்கிறவன். கை சுத்தம். குடி கிடையாது, வேறு பெண் கிடையாது. இருந்த ஒரே பழக்கம் நிகானோரின் பந்தயக் கடை. அங்கே அணியின் மேல் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. ராதாமேஸ் கட்டுவது ரன்னின் மேல். இரண்டு அணியும் சேர்ந்து எத்தனை ரன் எடுக்கும் என்று நிகானோர் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே ஓர் எண்ணைப் பலகையில் எழுதி வைப்பான். எட்டரை, ஒன்பதரை என்று. அரை ரன்னை யாரும் ஓடி எடுப்பதில்லை, சரிக்குச் சரியாக நின்று சண்டை வரக்கூடாது என்பதற்காக வைத்த அரை அது. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் சீட்டு எழுதுகிற கிஸ்கேயா ஒவ்வொருவரிடமும் கேட்பது ஒரே கேள்விதான்.

“கூடவா, குறையவா?”

ராதாமேஸ் பிறந்ததிலிருந்து ‘குறைய’ என்று சொன்னதில்லை.

“குறையன்னு கட்டுனவன் ஒவ்வொரு பந்துக்கும் பயந்து சாகணும். கூடன்னு கட்டுனவன் எவன் அடிச்சாலும் கை தட்டலாம். எனக்கு ரெண்டு பக்கமும் சொந்தக்காரன்தான்” என்பான்.

சொன்னபடியே மைதானத்தில் ஊர் அணியை வெளியூர்க்காரன் வெளுத்து வாங்கும்போதும் எழுந்து நின்று கை தட்டுவான். பக்கத்தில் இருப்பவர்கள் வேர்க்கடலைத் தோலை அவன் தலையில் கொட்டுவார்கள். எனேரியா துவைக்கும் அறையிலிருந்தே அவன் குரலை அடையாளம் கண்டு முகத்தைத் துண்டில் புதைத்துக்கொள்வாள்.

கடைசி இரண்டு மூன்று வருஷமாக அவனுக்கு நிறையப் பலித்தது. அவன் கட்டினால் தெருவே அவன் பின்னால் போய்க் கட்டியது. அவனுக்கு ரன்னை மோப்பம் பிடிக்கத் தெரியும் என்றார்கள். எனேரியா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பந்தயம் அவளுக்குப் பிடிக்காத விஷயம். பிடிக்காததை அவள் பார்ப்பதில்லை. அதுதான் அவள் செய்த தவறு.

அந்த டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை காலை அவள் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். நிர்வாகி பெகேரோ, சிரிலோவை உள்ளே அழைத்து வந்து கதவைச் சாத்தினார். அவள் இருப்பதைப் பார்த்தார். ஊமைதானே என்று விட்டுவிட்டார்.

“சிரிலோ, ஊர்ல ஒரு பந்தயக் கடையில நம்ம பையன் தோள் வலிக்குதுன்னு நமக்கு முன்னாடி தெரியுது. அஞ்சு தடவை. நம்ம பையன் அடி வாங்கப்போற நாளா பார்த்துக் கூடன்னு கட்டுறானுங்க. கடைக்காரன் இங்கயே வந்து கத்திட்டுப் போறான்.”

“நான் என்னங்கய்யா பண்ணுவேன்?”

“அந்தத் தோளைத் தொடறது உன் கை ஒண்ணுதான்.”

“என் கைக்கே தெரியலையேய்யா! அந்த அஞ்சு பேர்ல நாலு பேர் என்கிட்ட வரவே இல்ல. என் பொண்ணு மேல சத்தியம்.”

“பொண்ணை இழுக்காத. திங்கட்கிழமை வரைக்கும் டைம். யாருகிட்ட சொன்னேன்னு நீயா வந்து சொல்லு. சொன்னா சும்மா அனுப்புறேன். சொல்லலேன்னா பேரோட அனுப்புறேன்.”

துப்பு கொடுத்தவன் என்ற பேரோடு அனுப்பினால் நாட்டில் எந்த அணியும் சேர்க்காது. சிரிலோவுக்கு அறுபத்திரண்டு வயது. பதினான்கு வயதில் தண்ணீர் வாளி தூக்க வந்தவர். எனேரியா வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், மெஷின் ஷாக் அடித்து விழுந்தவளைத் தூக்கி உட்காரவைத்து, உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே “ஒண்ணுமில்ல மகளே, ஒண்ணுமில்ல” என்று சொன்ன மனுஷர்.

பெகேரோ போன பிறகு சிரிலோ மேசையோரமாக நின்றார். மடித்து வைத்த துண்டு ஒன்றை எடுத்து, பிரித்து, திரும்ப மடித்தார்.

“நீ ஒருத்தியாவது நம்புறியாம்மா?”

நம்புகிறேன் என்று அவள் தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று அவர் போன பிறகு தோன்றியது.

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது ராதாமேஸ் கருவிப் பெட்டியின் சாவியை மறந்துவிட்டுப் போயிருந்தான். எடுத்துக்கொண்டு நிகானோரின் கடைக்கு நடந்தாள். வாசலில் டொமினோ ஆடிக்கொண்டிருந்த நால்வரும் அவளைக் கவனிக்கவில்லை. உள்ளே பலகைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர், நடுவில் ராதாமேஸ், முதுகைக் காட்டிக்கொண்டு.

“என்ன ராதா, ஞாயித்துக்கிழமைக்குக் காய் விழுந்துச்சா?”

“இன்னும் இல்ல மச்சான். சாயங்காலம்தான் தெரியும்.”

“போன வாரம் விழுந்த காயில என் மாமியாருக்குப் பல்லு கட்டினேன். ஒரு வாட்டி அந்த மரத்துக்கு நானே வந்து தண்ணி ஊத்துறேன்.”

“மரத்துகிட்ட போன, உன் பல்லைக் கழட்டிடுவேன்” என்றான் ராதாமேஸ். எல்லோரும் சிரித்தார்கள்.

கம்பிக்குப் பின்னாலிருந்து கிஸ்கேயா முதலில் எனேரியாவைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. ஒருவன் தொப்பியைக் கழற்றினான். இருபது வருஷத்தில் அந்தத் தெருவில் யாரும் அவளுக்காகத் தொப்பியைக் கழற்றியதில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள். அவர்கள் வீட்டில் மரம் கிடையாது. ஒரு தொட்டிச் செடிகூட இல்லை. பின்கட்டில் இருப்பது தண்ணீர்த் தொட்டி. அதன் விளிம்பில், தைலம் கையில் பட்ட நாளில் மட்டும் அவள் பிழிந்து போடுகிற நாரத்தங்காய் மூடிகள். தினமும் சாயங்காலம் ராதாமேஸ் கால் கழுவ அந்தத் தொட்டிக்குத்தான் வருவான். குளியலறையில் குழாய் இருக்கும்போது இவன் ஏன் இங்கே வந்து கழுவுகிறான் என்று அவள் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. ஊர் முழுக்கக் கவனிக்கிறவள், தன்னை ஒருத்தன் கவனிப்பதைக் கவனிக்கவில்லை.

ஒருவேளை தப்பாக நினைக்கிறோமோ என்றும் இருந்தது. சரிபார்க்க ஒரே வழிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீச வேண்டிய பையனின் சட்டையை அன்று காலையில்தான் துவைத்திருந்தாள். வெறும் வியர்வை. தைல வாடையே இல்லை. அவள் கையும் சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சாயங்காலம் தொட்டியருகே நின்று ஒரு நாரத்தங்காயை வெட்டினாள். நிதானமாக ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். மூடிகளை விளிம்பில் வைத்தாள்.

ராதாமேஸ் கால் கழுவ வந்தான். கழுவினான். காப்பியைப் பாதி குடித்தான். “நிகானோர் கடை ஃப்ரீஸர் சத்தம் போடுதாம், பாத்துட்டு வந்துடறேன்” என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே போனான்.

ஞாயிறு பூசை முடிந்து கடை வழியாக வந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் பலகையில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு எட்டரை என்று இருந்ததை அவள் பார்த்திருந்தாள். இப்போது அதை அழித்துப் பத்தரை என்று எழுதியிருந்தது. எண்ணை ஏற்றினால் பயந்துபோய்க் கட்ட மாட்டார்கள் என்று நிகானோர் நினைத்திருக்கிறான். அப்படியும் வாசலில் வரிசை நின்றது. பக்கத்து வீட்டுத் தையல்காரி நின்றாள். ரொட்டிக்கடைக்காரர் நின்றார். சின்ன வயதில் எனேரியாவுக்கு ஞானஸ்நான உடுப்பு தைத்துக் கொடுத்த கிழவியும் ஊன்றுகோலோடு நின்றாள். எல்லோரும் ‘கூட’. அவர்கள் எல்லோரும் தன் விரல் நுனியில் தொங்குவதுபோல அவளுக்கு இருந்தது. கிழவியிடமாவது போய்ச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். என்னவென்று சொல்வது?

ஆட்டம் நான்கு மணிக்கு. அந்தப் பையன் சுத்தமான தோளோடு ஏழு இன்னிங்ஸ் வீசினான். வெளியூர்க்காரர்கள் மட்டையைக் காற்றில் வீசி வீசிப் போனார்கள். இரண்டுக்கு ஒன்று. மொத்தம் மூன்றே ரன். தெரு முழுக்க ரேடியோவை அணைத்தார்கள்.

ராதாமேஸ் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். தெருவில் போன ஒருவன், “என்னய்யா, உன் மரத்துல பூச்சி விழுந்துடுச்சா?” என்றான். ராதாமேஸ் உள்ளே திரும்பி அவளைப் பார்த்தான்.

“வெள்ளிக்கிழமை எதுக்குப் பிழிஞ்ச?”

“பாக்கணும்னு பிழிஞ்சேன்.”

“என்னத்தப் பாக்கணும்? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

“நீயும் என்னைக் கேட்டிருக்கலாம்.”

“கேட்டா நீ சொல்லியிருக்க மாட்டே.”

“ஆமா. சொல்லியிருக்க மாட்டேன்.”

“நான் உன்னை ஒரு வார்த்தை கேக்கல கருப்பி. ஒரு துணியைத் தொடல. என் வீட்டுத் தொட்டியில கிடந்த தோலைப் பாத்தேன். இதுல என்ன பாவம் இருக்கு?”

“சிரிலோ அண்ணனை நாளைக்கு அனுப்பப் போறாங்க.”

“எதுக்கு?”

“உன் தொட்டியில கிடந்த தோலுக்கு.”

அவன் முகம் வெளுத்தது. அவன் கெட்டவன் அல்ல. சிரிலோவின் ஃபிரிட்ஜை இரண்டு தடவை காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தவன். எழுந்தான், உட்கார்ந்தான், திரும்ப எழுந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

“அவருக்கு அறுபது தாண்டிடுச்சு. இன்னிக்கு இல்லேன்னா ரெண்டு வருஷத்துல அவரே போயிடுவாரு. நீ போய்ச் சொன்னா உன் வேலை போகும். இருபத்தொரு வருஷம், எனேரியா. கொஞ்சம் யோசி.”

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க, வேலையை விடப் பெரிய பயமாக இருந்தது வாயைத் திறப்பதுதான். பெகேரோவிடம் இதுவரை அவள் பேசியதெல்லாம் ‘சரிங்கய்யா’, ‘சோப்பு தீந்துடுச்சுங்கய்யா’ என்ற இரண்டு வாக்கியம்.

திங்கட்கிழமை காலையில் சிரிலோ தன் தைலக் குப்பிகளை ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பெகேரோ வாசலில் நின்றார். எனேரியா அழுக்குச் சட்டைக் கூடையை இடுப்பில் வைத்தபடி உள்ளே வந்தாள். கூடையை இறக்கவில்லை.

“அவர் சொல்லல ஐயா. என்கிட்டருந்து போச்சு.”

பெகேரோ சுற்றிலும் பார்த்தார், பேசியது வேறு யாரோ என்பதுபோல. அவள் சட்டை, தையல், தைலம், நாரத்தங்காய், கால் கழுவ வருகிற புருஷன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பெகேரோ முதலில் சிரித்தார். ‘தோன்யா’ என்று மரியாதை வைத்துத்தான் கூப்பிட்டார்.

“நாரத்தங்காயா? தோன்யா, கிழவர் மேல இரக்கப்பட்டு எதையாச்சும் சொல்லாதீங்க. மோந்து பாத்து இதெல்லாம் தெரியுமா?”

“தெரியும் ஐயா.”

அவர் கூடையிலிருந்து சட்டை ஒன்றை எடுத்து, எண் தெரியாமல் சுருட்டி நீட்டினார். அவள் முகர்ந்தாள். “சுருட்டு வாசனை. இது மொந்தேரோ.” அடுத்தது. “கிராம்பு. பல்லு வலி. வாஸ்கெஸ்.” மூன்றாவது. “இவருக்கு இடுப்பு. சிரிலோ அண்ணன் தேய்ச்ச தேங்காய் எண்ணெய். கபிரால்.” ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த பெகேரோவின் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிலோ குப்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

நான்காவதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். கொண்டுபோகவே வேண்டியிருக்கவில்லை. குதிரைத் தைலம், தோளில் ஆரம்பித்து முழங்கைவரை. லெவுரிஸுடைய சட்டை. கொன்சுவேலோவிலிருந்து வருகிற இருபத்து மூன்று வயதுப் பையன். செவ்வாய்க்கிழமை அவன் வீசுவதைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து ஆள் வருவதாக அவனே பத்து நாளாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

“இது?”

“தெரியல ஐயா.”

சொன்னவுடனே அவளுக்குப் புரிந்தது. மூன்றைச் சட்டென்று சொன்னவள் நான்காவதற்குத் தெரியவில்லை என்றால், அதற்கு ஒரே அர்த்தம்தான். சட்டையைக் கூடைக்குள் திரும்பப் போடப் பார்த்தாள். பெகேரோ அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிப் பிரித்தார். எண்ணைப் பார்த்தார். சிரிலோ கண்ணை மூடிக்கொண்டார்.

“போய் லெவுரிஸைக் கூட்டிட்டு வா” என்றார் பெகேரோ, சிரிலோவிடம். “பெட்டியை வச்சிட்டுப் போ. பெட்டி எதுக்கு இனிமே.”

லெவுரிஸ் வந்தான். கையைத் தூக்கு என்றார்கள். காதுவரைதான் போனது. அதற்கு மேல் போகவில்லை. அவன் யார் சொன்னது என்று கேட்கவில்லை. மேசையில் விரிந்து கிடந்த தன் சட்டையைப் பார்த்தான், பிறகு எனேரியாவைப் பார்த்தான். “ஊமையக்கா, நீயா?” என்று மட்டும் கேட்டான். செவ்வாய்க்கிழமை வேறொருவன் வீசினான்.

பெகேரோ அவளைத் தன் அறையில் உட்காரவைத்தே பேசினார். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“நீங்க ஒரு தப்பும் பண்ணல தோன்யா. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. ஒரு வார்த்தை சொல்லாமலேயே உங்ககிட்டருந்து எல்லாம் வெளிய வந்துடுது. உங்களை நான் எங்க வச்சுக்கறது?”

“சரிங்கய்யா” என்றாள்.

வெளியே வந்தபோது சிரிலோ நடைபாதையில் காத்திருந்தார். அவள் கையைப் பிடித்தார். நன்றி சொல்ல வந்தவர், “அந்தப் பையனை நினைச்சா...” என்று ஆரம்பித்து, கையை விட்டார்.

இதெல்லாம் நடந்து நான்கு வருஷமாகிறது. எனேரியா இப்போது கடற்கரையில் உள்ள ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கிறாள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் பஸ். ராதாமேஸ் நிகானோரின் கடைக்குப் போவதில்லை, நான்கு தெரு தள்ளி இருக்கிற வேறொன்றுக்குப் போகிறான். இன்னமும் ‘கூட’ என்றுதான் கட்டுகிறான். எல்லோரையும்போல ஜெயிக்கிறான், எல்லோரையும்போலத் தோற்கிறான். சிரிலோ அந்த வேலையில்தான் இருக்கிறார். லெவுரிஸுக்கு முழங்கையில் ஆபரேஷன் ஆனது. திரும்ப வீச ஆரம்பித்துவிட்டான் என்று சிலர் சொல்கிறார்கள், கொன்சுவேலோவில் வேன் ஓட்டுகிறான் என்று சிலர் சொல்கிறார்கள். எனேரியா யாரிடமும் விசாரிக்கவில்லை.